தோட்டம் அமைக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: சத்துவாச்சாரியில் சொந்த வீடு. முன்னால் 300 சதுர அடி, பின்னால் 500 சதுர அடி சும்மா கிடக்கிறது. முன்பக்கம் வருகிறவர்கள் உட்காரத் திண்ணை, கொரியன் புல், நீரூற்று. பின்பக்கம் சொந்தக்காரர்கள் கூடுவதற்கு ஷீட் கூரை, முழுக்க சிமென்ட் தளம், கிரானைட் பெஞ்சு. மொத்தம் 3,60,000 ரூபாய் என்கிறார் கான்ட்ராக்டர். கையில் 60,000 இருக்கிறது. மீதிக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா, 2,50,000 ரூபாய் டெபாசிட்டை உடைக்கலாமா? மாதம் 10,000 எங்களால் கட்ட முடியும். கணவர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார்.
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. 3 லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு மூன்று வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,250. வட்டி மட்டும் 69,000 தாண்டுகிறது. அதைவிட, சம்பளம் நின்ற பிறகும் ஒரு வருடம் தவணை ஓடும் என்பதுதான் எனக்குக் கவலை. டெபாசிட்டோ உங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணம். அதில் கை வைக்காதீர்கள்.

ஆனால் ஆசையைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். மதிப்பீட்டில்தான் கை வைக்க வேண்டும். 200 சதுர அடிப் புல்லுக்குக் கோடையில் தினமும் 90 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆறு குடம்! மே மாதம் அதை யார் ஊற்றுவது? புல்லையும் நீரூற்றையும் விட்டுவிடுங்கள். செங்கல் திண்ணை, மேலே சிவப்பு ஆக்ஸைடு பூச்சு, ஓரத்தில் நந்தியாவட்டை, பவழமல்லி, கேட் அருகே கோலம் போடத் தாராளமாக இடம். வருகிறவர்களுக்கு இதைவிட என்ன வரவேற்பு வேண்டும்? கையில் இருக்கும் 60,000-க்குள் இதை முடிக்கப் பாருங்கள்.

பின்பக்கத்தில் இப்போதைக்கு மரம் மட்டும். புரட்டாசியில் ஒரு புங்கங்கன்று வையுங்கள், செப்டிக் டேங்க்கும் சம்ப்பும் இல்லாத பக்கமாக. ஷீட் கூரை நம் ஊர் வெயிலில் அடுப்பு மாதிரி, பகலில் கீழே யாரும் உட்கார மாட்டார்கள். மரம் நிழல் தர நாலைந்து வருடம் ஆகும், சரி. அதுவரை ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போய்விட்டுச் சொந்தபந்தம் வீட்டுக்கு வந்தால் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு எடுங்கள். வருடத்தில் நாலு நாள் கூடுவதற்கு நிரந்தரக் கூரை போடுவது வீண். மண் ஓரத்தில் நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரி நாலு செடி வைத்தால் அன்றைய குழம்புக்கு ஆச்சு.

தவணைக்கு ஒதுக்கிய அதே 10,000-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போடுங்கள். 6.5 சதவீத வட்டி கிடைத்தால் ஒரு வருடத்தில் 1,24,000 சேரும். பின்பக்கத் தளத்தையும் பெஞ்சையும் அப்போது செய்யலாம், கணவர் வேலையில் இருக்கும்போதே முடிந்துவிடும். கறுப்புக் கடப்பா கல் மட்டும் வேண்டாம், மதியம் கால் வைக்க முடியாது. முழு இடத்தையும் சிமென்ட்டால் மூடிவிடாதீர்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் குழி இருக்கும், அதைத் தேடிப் பார்த்துச் சுற்றிலும் மண்ணாகவே விடுங்கள்.

அப்புறம், கான்ட்ராக்டரிடம் கூலி தனி, பொருள் தனி என்று எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுக்காமல், வேலை முடிய முடியக் கொடுங்கள். பில்களைப் பத்திரத்தோடு வையுங்கள். பிற்காலத்தில் வீட்டை விற்க நேர்ந்தால், நிரந்தரக் கட்டுமானத்துக்கான செலவை லாபக் கணக்கில் கழித்துக் காட்ட அவை வேண்டும்.