யங் அடல்ட் நாவல்களில், அதாவது பதின்வயதினருக்கென்று எழுதப்படும் நாவல்களில் வரும் பதின்வயதுப் பெண்பிள்ளைகளின் அன்றாடம் நிஜத்தோடு ஒத்துப்போகிறதா?

மனசுக்குள் நடப்பது ஒத்துப்போகும். வீட்டுக்குள் நடப்பது ஒத்துப்போகாது. இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சிப் பக்கம் ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வாசித்துப் பழகட்டும் என்று இந்த வகை நாவல்களைக் கொடுப்பதுண்டு. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அந்த நாவல்களில் கோபம் வந்தால் பிள்ளை தன் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்துவாள். அழுவது, டயரி எழுதுவது, சிநேகிதியோடு விடிய விடியக் கதைப்பது எல்லாம் அங்கேதான். இங்கே அந்த அறைக்கு எங்கே போவது? போருக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் இரண்டு அறைதான். ஒன்றில் அம்மா, தங்கச்சி, அம்மம்மா எல்லாரும் படுப்பார்கள். மற்றதில் அறுவடை முடிந்த கையோடு நெல்மூட்டை ஏறிவிடும். உள்ளறைக்குக் கதவுக்குப் பதில் சீலை தொங்கும் வீடுகளும் உண்டு. சீலையை அடித்துச் சாத்த முடியாதே! ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குத் தனிமை கிடைப்பது சைக்கிளில்தான். ரியூசன் முடிந்து வாய்க்கால் கரையால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உழக்கிக்கொண்டு வருகிற நேரத்துக்குள் கதைக்க வேண்டியதெல்லாம் கதைத்து முடித்துவிட வேண்டும்.

ஒத்துப்போகிற பக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1970இல் எழுதிய மார்கரெட்டின் கதையில், பன்னிரண்டு வயதை நெருங்கும் பிள்ளை தான் எப்போது பெரியபிள்ளை ஆவேன் என்று கடவுளிடம் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். அங்கே அது கொஞ்சப் பேருக்குள் இருக்கிற விஷயம். இங்கே மாமி தண்ணீர் வார்ப்பதில் தொடங்கும். பள்ளிக்கூடம் நிற்கும். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி. அப்புறம் மண்டபம் பிடித்துச் சாமத்தியவீடு, வீடியோ, ஆல்பம், கனடாவில் இருந்து சித்தப்பா அனுப்பிய காசு. ஆனாலும் மார்கரெட்டின் தவிப்பை நான் ஒரு வரிகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. சிநேகிதிகளுக்குள் யார் முந்துவது என்கிற போட்டி இங்கேயும் அப்படியே இருந்திருக்கிறது. கதையில் ஒருத்தி தனக்கு வந்துவிட்டதாகப் பொய் சொல்வாள். அந்த இடத்தில்தான் வகுப்பே சிரித்தது. "இங்க அப்பிடிப் பொய் சொல்லேலாது ரீச்சர், மண்டபம் எங்க எண்டு கேப்பினம்."

காதலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் ஸ்ராண்டில் பத்து நிமிடம் நின்றால் நாவலும் வன்னியும் ஒன்றுதான் என்று தெரிந்துவிடும்.

எனக்கு உண்மையான குறை எங்கள் எழுத்தின் மேல்தான். வன்னிப் பெண்பிள்ளை கதைக்குள் வந்தால் பங்கர், இடப்பெயர்வு, புலிகள் இயக்கம். அவை எழுதப்படத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது ஓ.எல். எழுதுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். இவர்களுடைய ஒரு கிழமையை எடுத்துப் பாருங்கள்: அம்மாவின் போனில் வாட்ஸ்அப் பார்த்துவிட்டு அழிப்பது, அடுத்து வரும் ஏ.எல். (உயர்தரம்) படிப்புக்குப் பயோவா கலையா என்று இழுபறி, யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்க மாமா சம்மதிப்பாரா என்கிற கவலை, இரவல் வாங்கிய கணக்குக் கொப்பியைத் திருப்பித் தராதவளோடு பேச்சுவார்த்தை இல்லை. இதெல்லாம் ஒரு கதையா என்று எங்கள் எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள் போல. அந்தக் கொப்பிச் சண்டையை மட்டுமே வைத்து யாராவது ஒரு வன்னி நாவல் எழுதியிருந்தால் சொல்லுங்கள். அடுத்த தவணைக்கு அதைத்தான் கொடுப்பேன், ஆங்கிலப் பாடம் என்றாலும் பரவாயில்லை.