பெண்ணிய இறையியல் 'எட்டாத கடவுளை' வேண்டாம் என்கிறதா?

கடவுள் உலகத்துக்கு அப்பாற்பட்டவர் என்பதை, பெண்களின் நிலையிலிருந்து கடவுளைப் பற்றி யோசிக்கும் பெண்ணிய இறையியல் கைவிடச் சொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிலர் சொன்னார்கள். சமய மெய்யியலாளர் கிரேஸ் ஜான்ட்சன், உலகமே தெய்வீகம் என்ற பக்கம் போனார். நான் அந்தக் கட்சி இல்லை.

சண்டை எதனோடு என்று முதலில் பார்க்க வேண்டும். கடவுள் ஆண் என்றால் ஆண்தான் கடவுள் என்று 1973-இல் அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் மேரி டேலி எழுதினார். மேலே அரசர், கீழே குடிகள் என்று கடவுளை வைத்தால், அதே ஏணி வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் வந்துவிடும். இந்த ஏணியோடுதான் சண்டை.

இறையியலாளர் சாலி மெக்ஃபேக் உலகத்தைக் கடவுளின் உடலாகப் பார்க்கச் சொன்னார். பாம்பன் பக்கத்துக்காரியான எனக்கு அது இனிக்காமல் இருக்குமா? ஆனால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனதும் இந்தக் கடல்தானே. உலகத்தோடு கடவுள் முடிந்துவிடுவதில்லை என்று மெக்ஃபேக்கே சொல்லியிருக்கிறார். பலர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

என் கருத்துக்கு நெருக்கமானவர் கத்தோலிக்க இறையியலாளர் எலிசபெத் ஜான்சன். எந்தப் பெயருக்குள்ளும் கடவுள் அடங்கமாட்டார் என்ற, 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாசின் பழைய போதனையை எடுத்து, அப்படியானால் ஆண் பெயர் மட்டும் எப்படிப் போதும் என்று 1992-இல் கேட்டார். கடவுள் எட்டாதவர் என்பதே இங்கே பெண்களின் வாதமாகிவிடுகிறது.

எங்கள் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். இறங்குமுன் சிலுவை போட்டு "மாதாவே" என்பார்கள். ஞாயிறு பூசையில் அதே வாய் "ஆண்டவரே" என்னும். பயந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவள் மாதா, தூரத்தில் இருந்து தீர்ப்பு சொல்பவர் ஆண்டவர் என்று பிரித்துவிட்டோம். மாதாவுக்குக் கொடுத்த அந்த இரக்கமும் நெருக்கமும் கடவுளுடைய சொந்தக் குணங்கள், அவற்றைக் கடவுளுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஜான்சனின் வாதம். மாதா பக்தியைக் குறைக்கச் சொல்கிறார் என்று இதைத் தப்பாக எடுக்க வேண்டாம்.

பாசிக்கு விலை வைப்பது, எந்தத் தீவுப் பக்கம் போகலாம் என்று சொல்வது, ஊர்க்கூட்டத்தில் முடிவெடுப்பது எல்லாம் பெரும்பாலும் ஆண்கள்தான். இவர்கள் எல்லோருக்கும் மேலே ஒருவர் இருந்தால்தான் அந்தப் பெண்கள் மேல்முறையீடு செய்ய முடியும். உலகத்தோடு கரைந்துபோன கடவுளிடம் யார் போய் முறையிடுவது? பக்கத்திலேயே இருந்தும் எவன் கைக்கும் அகப்படாத கடவுள்தான் எனக்கு வேண்டும்.