படம் ஏன் கடைசிப் பக்கத்துக்கு ஓடுகிறது?

ஆர் மார்க்டவுனிலும் (எழுத்தையும் ஆர் மொழி நிரலையும் ஒரே கோப்பில் வைப்பது) லேடெக்கிலும் (பக்கங்களை அடுக்கித் தரும் மென்பொருள்) பிடிஎஃப் அறிக்கை தயாரிக்கும் பெங்களூரு நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது. கேட்டவர்களுக்கு அவரவர் பகுதியின் பெயரையே வைத்திருக்கிறேன். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு: அக்கா, மூன்றாம் பிரிவில் போட்ட வரைபடம் முடிவுரைக்கும் பின்னால் போய் நிற்கிறது. படம் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் எழுத்தாகச் சின்ன எச் மட்டும் கொடுத்திருக்கிறேன்.

லேடெக்கைப் பொறுத்தவரை ஃபிகர் என்பது ஃப்ளோட், இடம் கிடைக்கிற பக்கத்துக்கு மிதந்து போகும். சின்ன எச்சுக்கு 'முடிந்தால் இங்கே' என்பதுதான் பொருள். முடியாவிட்டால் லேடெக் அதனோடு 'டாப்' என்பதன் முதல் எழுத்தையும் தானே சேர்த்துக்கொண்டு பக்கத்தின் மேல்பகுதியில் இடம் தேடும். லேடெக் எழுதிவைக்கும் லாக் ஃபைலில் ஒரு வார்னிங்கும் இருக்கும், நாம்தான் படிப்பதில்லை.

மேல்பகுதியிலும் ஒரு வரம்பு உண்டு: படங்கள் பக்கத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேப்ஷனோடு சேர்த்து உங்கள் படம் முக்கால் பக்கம் வருகிறதா? அப்படியென்றால் அதற்குப் போக்கிடமே இல்லை, கடைசி வரை காத்திருக்கும். படங்கள் வரிசை மாறக் கூடாது என்பதால் அதன் பின்னால் வருபவையும் நின்றுவிடும். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் முன்னால் ஒரு பஸ் மக்கர் செய்தால் என்ன ஆகும்? அதேதான். 'பேஜ்' என்பதன் முதல் எழுத்தையும் சேருங்கள், படம் தனிப் பக்கத்தில் உட்காரும். இல்லையென்றால் உயரத்தைக் குறையுங்கள். என் அனுபவத்தில் இடப் பிரச்சினை என்று வருவதில் பாதி அளவுப் பிரச்சினைதான்.

கோரமங்களா: எல்லாவற்றுக்கும் பெரிய எச் போட்டேன். இப்போது அரைப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். பெரிய எச் 'ஃப்ளோட்' என்ற பேக்கேஜ் (லேடெக்கோடு சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) தருவது. படத்தை மிதக்கவே விடாமல் அங்கேயே ஆணி அடித்துவிடும். மிச்ச இடத்தில் அடங்காவிட்டால் படம் அடுத்த பக்கத்துக்குப் போகும், இங்கே வெற்றிடம்தான். ஆர் மார்க்டவுன் பிடிஎஃப்பில் படம் இயல்பாக 6.5க்கு 4.5 அங்குலம். உயரத்தைச் சொல்லும் 'ஃபிக் டாட் ஹைட்' விருப்பத்தில் 3.2 என்று கொடுத்துப் பாருங்கள். முதல் வேலையில் நானும் ஒவ்வொரு படமாக நகர்த்தி ஒரு இரவு முழுக்க உட்கார்ந்தேன். காலையில் மேலாளர் ஒரு பத்தி சேர்த்தார், எல்லாம் போச்சு. எழுத்து முடிந்த பிறகே படத்தில் கை வையுங்கள்.

ஜெயநகர்: கேப்ஷன் இல்லாத படம் சொன்ன இடத்தில் நிற்கிறது, கேப்ஷன் கொடுத்தால் ஓடுகிறதே?

கேப்ஷன் கொடுத்த பிறகுதான் அது ஃபிகர் ஆகிறது. இடத்தைச் சொல்லும் 'ஃபிக் டாட் பாஸ்' விருப்பத்தில் பெரிய எச் கொடுங்கள். ஆர் மார்க்டவுனுக்கு அடுத்து வந்த குவார்ட்டோவில் என்றால், பெயரின் நடுவே புள்ளிக்குப் பதில் சிறு கோடு.

மல்லேஸ்வரம்: படம் கொஞ்சம் நகரட்டும், ஆனால் அடுத்த பிரிவுக்குள் போகக் கூடாது.

எனக்குப் பிடித்த வழி இதுதான். 'பிளேஸ்இன்ஸ்' பேக்கேஜை 'செக்‌ஷன்' விருப்பத்தோடு சேருங்கள், ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் தடுப்பு விழும். பிரிவின் நடுவிலும் தடுப்பு வேண்டுமானால் அங்கே 'ஃப்ளோட்பேரியர்' கட்டளை எழுதுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: லூப்பில் 60 படம் வரைகிறேன். 'டூ மெனி அன்பிராசஸ்டு ஃப்ளோட்ஸ்' (இடம் கிடைக்காமல் காத்திருக்கும் படங்கள் அதிகம்) என்று நின்றுவிடுகிறது.

காத்திருக்கும் படங்களுக்கு லேடெக்கில் முன்பு 18 இடம்தான். 2015 பதிப்பிலிருந்து 52. உங்களுக்கு அதுவும் போதவில்லை. லூப்புக்குள் ஐந்தாறு படத்துக்கு ஒருமுறை 'கிளியர்பேஜ்' கட்டளையை எழுத வையுங்கள், தேங்கியதெல்லாம் அங்கேயே இறங்கிவிடும். அப்புறம், 'கீழே உள்ள படம்' என்று எழுதாதீர்கள். லேபிள் வைத்து 'படம் 7' என்று எண்ணால் சுட்டினால், அது எந்தப் பக்கத்தில் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.