ஏற்காட்டில் மழைக்காடு இருக்கிறதா?

கேள்வி: சேலத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படைக்கும் நானே பொறுப்பு. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை ஒரே நாளில் ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்று மழைக்காட்டைக் காட்ட விரும்புகிறேன். திரும்பியதும் பெற்றோருக்காகப் பள்ளியில் ஒரு கண்காட்சி வைக்கத் திட்டம். எந்த மாதம் நல்லது? எங்கே நிறுத்தலாம்? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அட்டை, பாம்பு என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: முதல் வேலையாக, பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்திலிருந்து ‘மழைக்காடு’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஏற்காட்டில் மழைக்காடு இல்லை. மழைக்காடு என்று சொல்ல ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும். வறண்ட மாதங்கள் மிகச் சிலவாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிட்டுத்தான் நம் பக்கம் வருகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சேலம் நகரத்தைப் போல ஒன்றரை மடங்கு மழை அங்கே பெய்தாலும், கோடையில் நான்கைந்து மாதம் காய்ந்துபோகும். அதனால் உச்சியில் உள்ளது அரைப் பசுமைமாறாக் காடு. சில மரங்கள் இலை உதிர்க்கும், சில உதிர்க்கா. அந்தக் காடும் இன்று துண்டுதுண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

இதைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். காடு எப்படி உண்டாகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஏற்காடு அளவுக்கு வசதியான இடம் சேலத்துக்குப் பக்கத்தில் வேறில்லை. மழைக்காட்டின் நடுவில் நிற்கும் பிள்ளைக்குச் சுற்றிலும் பச்சைதான் தெரியும். ஏற்காட்டு மலைப்பாதையிலோ முட்புதரில் கிளம்பி, இலையுதிர் காட்டைக் கடந்து, சோலை ஓரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆகவே உங்கள் பயணத்தின் பாடம் உச்சியில் அல்ல, வழியில் இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற ஏற்பாடுகள் தாமாகவே ஒழுங்காகும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துச் செல்லுங்கள். அடிவாரத்தில் நிழலில் ஒரு முறை, நடுவழியில் வண்டியைப் பத்திரமாக நிறுத்தக்கூடிய அகலமான இடத்தில் ஒரு முறை, உச்சியில் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குச் சற்று மேல் குறையும் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை அவர்கள் கையாலேயே அளந்துவிடுவார்கள். (வெயில் ஏற ஏறக் கணக்குக் கொஞ்சம் புரளும். ஏன் புரண்டது என்று அவர்களையே கேளுங்கள்.) வளைவுகளில் வண்டியை நிறுத்தவே கூடாது. இடையில் ஜன்னலோரப் பிள்ளைகள் எண்ணைப் பார்த்துக் குறிப்பெழுதினால் போதும்: எந்த வளைவில் கள்ளியும் வேலமும் குறைகின்றன, எங்கே மூங்கில் வருகிறது, எங்கிருந்து மரத்தின் மேல் பாசி தெரிகிறது. ஒரு குழுவின் குறிப்பு இன்னொன்றோடு ஒத்துப்போகாது. அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்காதீர்கள், கண்காட்சிக்கு அதுவே நல்ல சரக்கு.

மேலே போனதும் படகு, ஏரி, லேடீஸ் சீட் என்று அலையவிடாதீர்கள். நான் முதன்முதலில் ஒரு பள்ளிக்கு வழிகாட்டியாகப் போனபோது ஒரே நாளில் ஏழு இடம் காட்டினேன். மாலையில் ஒரு பையனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “பஸ்” என்றான். அன்றிலிருந்து இரண்டே இடம்தான்.

ஒன்று கோயில் காடு, மற்றொன்று காப்பித் தோட்டம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) ஊர்களில் சாமிக்கென்று விட்டுவைத்த சிறு காடுகள் இன்னும் இருக்கின்றன. கோடரி படாததால், இந்த மலையின் பழைய காடு எப்படி இருந்தது என்பதற்கு அவைதான் மாதிரி. காப்பியோ, சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இங்கே கொண்டுவந்தது. காப்பிக்கு நிழல் வேண்டும். சில தோட்டங்களில் பழைய காட்டு மரங்களையே நிழலுக்கு விட்டிருப்பார்கள். பலவற்றில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் வரிசையாக நின்று, அதன் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சைதான். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் பிள்ளைகளின் வேலை.

அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பால் பவுடர் டின் இரண்டை எடுத்து, இரு பக்கமும் வெட்டிக் குழாய்போல ஆக்கிக்கொள்ளுங்கள். விளிம்பைத் தட்டி மழுக்கிவிடுங்கள். கோயில் காட்டின் ஓரத்தில் சருகை மெல்ல விலக்கி, டின்னை மண்ணில் இரண்டு விரற்கடை அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது முழுவதும் உள்ளே இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு அதையே தோட்டத்தின் காப்பி வரிசைக்கு நடுவிலும், ஆட்கள் நடந்து நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதையிலும் செய்யுங்கள். காட்டு மண் தண்ணீரைக் குடித்துவிடும், பாதையில் அப்படியே நிற்கும். வேர்களும் மண்புழுக்களும் கறையான்களும் துளைத்துவைத்த கண்ணுக்குத் தெரியாத குழாய்கள்தான் காரணம். இந்த இடத்தில் ஒரு கேள்வி போடுங்கள்: சேலத்துக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோமே, அந்தத் திருமணிமுத்தாறு எங்கே பிறக்கிறது? இதே மலையில்தான். சரபங்காவும் வாணியாறும்கூட இங்கிருந்துதான் இறங்குகின்றன. டின்னில் இறங்கிய தண்ணீர்தான் கோடையில் ஊற்றாகக் கசிகிறது என்பதை ஒரு பிள்ளையாவது தானாகச் சொல்லும். சொல்லும்வரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அதோடு, செய்தித்தாளைச் சுருட்டிக் குழாயாக்கி அண்ணாந்து பார்த்து, வானம் எவ்வளவு தெரிகிறது என்று வரையலாம். ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு போட்டு அதற்குள் எத்தனை வகை நாற்று முளைத்திருக்கிறது என்று எண்ணலாம், பெயர் தெரிய வேண்டியதில்லை. பெரிய மரம் இருந்தும் அடியில் அதன் கன்று ஒன்றுகூட இல்லையென்றால், அந்தக் காடு முதுமையில் இருக்கிறது என்று பொருள். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடி (லேண்டானா) மண்டிய இடத்தில் இது பளிச்சென்று தெரியும். கடைசியாகப் பத்து நிமிடம் யாரும் பேசாமல் உட்கார்ந்து, காதில் விழும் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கோடு. நாற்பது பிள்ளைகள் பத்து நிமிடம் சும்மா இருப்பார்களா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இருபது இருபதாகப் பிரித்தால் இருப்பார்கள். ஒரு குழு கோயில் காட்டில், மற்றது தோட்டத்தில், பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம்.

நேரம் மிஞ்சினால் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்துக்குப் போங்கள். 1963 முதல் இயங்குகிறது. ஆர்க்கிட் செடிகளுக்குப் பெயர்பெற்றது. மரத்தின் மேல் வளர்ந்தாலும் ஆர்க்கிட் ஒட்டுண்ணி அல்ல, மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை என்பதை நேரில் காட்ட நல்ல இடம். ஓர் எச்சரிக்கை: அங்குள்ள பூச்சி தின்னும் குடுவைச் செடி மேகாலயத்திலிருந்து வந்தது. சொல்லாமல் விட்டால் பாதிக் குறிப்பேட்டில் ‘ஏற்காட்டுச் செடி’ என்று எழுதியிருக்கும்.

மாதம் பற்றிக் கேட்டீர்கள். அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். காலாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும், மலையும் நனைந்திருக்கும். கனமழை எச்சரிக்கை வந்தால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள். பறவைகள்தான் முக்கியம் என்றால் ஜனவரி. பொங்கலையொட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பிள்ளைகளின் பட்டியலையும் சேர்க்கலாம். மார்ச் முதல் மே வரை வேண்டவே வேண்டாம். தீ பிடிக்கும் காலம் அது, மே மாதம் கோடை விழாக் கூட்டம் வேறு.

அனுமதியில் அலட்சியம் கூடாது. வனத்துறையின் காவலில் உள்ள காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் காலை வைப்பது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் உயிரிழந்த பிறகு விதிகள் மிகவும் இறுகிவிட்டன. நான் மேலே சொன்ன எதற்கும் காப்புக்காட்டுக்குள் போகத் தேவையில்லை. போக விரும்பினால் சேலம் மாவட்ட வன அலுவலருக்குப் பள்ளியின் முகவரித் தாளில், நாள், வழி, பிள்ளைகளின் எண்ணிக்கை, பொறுப்பாசிரியர் பெயர் எல்லாம் எழுதி ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். வனவர் ஒருவர் துணைக்கு வர முடியுமா என்றும் அதிலேயே கேளுங்கள். தோட்டத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். கோயில் காட்டுக்கு ஊர்ப் பெரியவர்களின் சம்மதம் வேண்டும். அதைக் கடிதத்தில் கேட்க முடியாது, முந்தைய வாரம் நேரில் போய்க் கேளுங்கள். எதுவரை போகலாம், செருப்பை எங்கே விட வேண்டும், யார் யார் உள்ளே வரலாம் என்பதெல்லாம் அவர்கள் சொல்வதுபடிதான். டின் போட்டுத் தண்ணீர் ஊற்றப்போவதையும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஊர் மூத்தவர் ஒருவர் அரை மணி நேரம் பேசச் சம்மதித்தால், நான் இங்கே எழுதியதில் பாதி தேவைப்படாது. வெறுங்கையோடு அனுப்பிவிடாமல் அவருக்குரிய மரியாதையைச் செய்யுங்கள்.

இனி பெற்றோரின் பயம். அட்டை கடித்தால் வலிக்காது. இரத்தம் உறையாதிருக்க ஒரு பொருளைச் செலுத்துவதால் கடிவாய் சிறிது நேரம் கசியும், அவ்வளவுதான். நகத்தால் தள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். எனக்கு அட்டையைவிடப் பயம், கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிப் பூச்சிகள்மேல்தான். அவற்றின் கடியால் வரும் உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் அபூர்வமான நோய் அல்ல. புல்லில் வெறுமனே உட்காரக் கூடாது, விரிப்பு வேண்டும். முழுக்கால் உடை வேண்டும். வீட்டுக்குப் போனதும் குளித்து, துணியைத் துவைக்கப் போட்டுவிட வேண்டும். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுப் பக்கம் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும். இதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மலைத்தேனீ அடை தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும். வாசனைத் திரவியம் பூசி வரக் கூடாது. காட்டெருது தோட்டங்களுக்குள்ளேயே நடமாடும். படம் எடுக்கக் கிட்டே போகிற ஆசை பிள்ளைகளைவிட ஆசிரியர்களுக்குத்தான் அதிகம்.

பாம்பைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன், பெற்றோரிடமும் சொல்லுங்கள். மழை பெய்து ஓய்ந்த காலையில், விரல் பருமனில், வால் நுனி தேய்த்துவிட்டாற்போல மழுங்கிய ஒரு சிறு பாம்பு சாலையைக் கடப்பதைக் காணலாம். கேடயவால் பாம்பு. நஞ்சில்லாதது, மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்பது. இதில் ஓர் இனத்தை ஆங்கிலேய இயற்கையியலாளர் பெட்டோம் 1863-ல் சேர்வராயன் மலையிலிருந்துதான் முதன்முதலில் விவரித்தார். காட்டு மண் ஈரமாகவும் பொலபொலவென்றும் இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. உங்கள் டின் சோதனை அளப்பதும் அந்த மண்ணைத்தான். பார்த்தால் கையில் எடுக்காதீர்கள். இன்ன பாம்பு என்று உறுதியாகத் தெரியாதவரை எந்தப் பாம்பையும் தொடக் கூடாது.

கண்காட்சிக்குக் காட்டிலிருந்து ஒன்றும் பறித்து வர வேண்டாம். வளைவு எண்களோடு நீளமாக ஒரு மலைப்படம், பிள்ளைகள் குறித்த வெப்பநிலை, அந்த இரண்டு டின்கள் போதும். பள்ளி மைதான மண்ணில் பெற்றோர் கண்முன்னே ஒரு லிட்டர் ஊற்றிக் காட்டுங்கள்.

மழைக்காட்டைக் காட்டியே ஆக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு அப்போதும் இருந்தால், அடுத்த ஆண்டு ஆர்வமுள்ள பத்துப் பேரை மட்டும் வால்பாறைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே நாளில் முடியாது. பொள்ளாச்சியில் இரவு தங்கி விடியலில் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளும், அவற்றில் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் உண்டு. சிதைந்த காட்டுத் துண்டுகளில் அந்த மண்ணுக்குரிய மரங்களையே நாற்றுவிட்டு நட்டு மீட்கும் வேலையை இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் (Nature Conservation Foundation) அங்கே 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறது. ஏற்காட்டில் நாற்று எண்ணிப் பழகிய பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று உடனே புரியும். வளைவுகளில் வரும் தலைசுற்றலுக்கு, ஏற்காட்டுக்கு எடுத்துப்போன எலுமிச்சம்பழத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள்; அந்த மலையில் கொண்டை ஊசி வளைவுகள் 40.