‘அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?’

வாசகர் கேள்வி - பதில்

பிள்ளைகளின் அறைக்கு யார் நிறம் தேர்ந்தெடுப்பது என்று இந்த மாதம் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. ஜூனில் பத்தாம் வகுப்பு போகிறாள். மே மாதம் வீடு முழுக்க பெயிண்ட் அடிப்பதாக முடிவு செய்து, ‘உன் ரூமுக்கு உனக்குப் பிடிச்ச கலரை நீயே சொல்லு’ என்று நானும் கணவரும் சொன்னோம். நான்கு சுவரும் கருப்பு என்றாள். கணவர் ஒரே பேச்சில் முடியாது என்றுவிட்டார். மாமியார், கருப்புச் சுவர் வீட்டுக்கு ஆகாது என்கிறார். ‘அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?’ என்று கேட்டவள் நான்கு நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அறை பத்துக்குப் பதினொன்று. கிழக்குப் பக்கம் ஒரே ஜன்னல். என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், சுவரை அப்புறம் பார்க்கலாம். ‘உனக்குப் பிடிச்சதைச் சொல்லு’ என்று நாம் சொல்லும்போதே நம் மனதில் ஒரு வெளிர் ரோஸ், ஒரு இளம்பச்சை, ஒரு சந்தன நிறம் என்று மூன்று நான்கு ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளை அதில் ஒன்றைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையில்தான் கேட்கவே செய்கிறோம். 14 வயதுப் பெண்ணுக்கு இது நன்றாகவே புரியும். கேட்காமலே நீங்கள் ஒரு நிறத்தை அடித்திருந்தால் ஒரு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பாள். கேட்டுவிட்டு மறுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நானே செய்த தப்பு இது. என் மகள் 13 வயதில் கத்தரிப்பூ நிறத்தில் நல்ல அடர்த்தியான ஷேடு ஒன்றைக் கேட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் பள்ளிக்குப் போனதும் பெயிண்ட் கடைக்கு போன் போட்டு, அதே வரிசையில் இரண்டு படி வெளிர் ஷேடைக் கலக்கச் சொன்னேன். சுவரில் ஏறிவிட்டால் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தவள் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, ஷேடு கார்டிலிருந்து கிழித்து வைத்திருந்த விரலகலத் துண்டை எடுத்தாள், ஈரம் காயாத சுவரில் படாமல் பக்கத்தில் பிடித்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள், மறுபடி பாக்ஸுக்குள் வைத்து மூடிவிட்டாள். ஒரு வார்த்தை இல்லை. கல்லூரிக்குப் போகும்வரை அந்த அறையில் அவள் ஒரு படம்கூட மாட்டவில்லை. அந்த மூடுகிற சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

அதனால், இன்று ராத்திரியே போய் ‘கேட்டுட்டு முடியாதுன்னு சொன்னது எங்க தப்பு’ என்று நீங்களும் கணவரும் சேர்ந்து சொல்லிவிடுங்கள். பிறகு உட்கார்ந்து பேசுங்கள். ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டியவற்றை இப்போது சொல்லுங்கள்: இவ்வளவுதான் பணம், இத்தனை நாளில் முடிய வேண்டும், தரையும் அலமாரியும் மாறாது, இந்த நிறம் குறைந்தது மூன்று வருஷம் இருக்கும். இந்த எல்லைக்குள் அவள் எதைச் சொன்னாலும் அது நடக்கும் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தபின் மாறாதீர்கள்.

கருப்பில் என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டீர்களா? சிலருக்கு அதன்மேல் சின்னச் சின்ன விளக்குச் சரம் போட்டால் எப்படி மின்னும் என்ற ஆசை. சிலருக்கு இருட்டாக, அடக்கமாக, போர்வைக்குள் இருக்கிற மாதிரி ஒரு இடம் வேண்டும். சிலருக்கு வீட்டில் வேறு எங்கும் இல்லாத நிறமாக இருந்தால் போதும். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் விளக்குச் சரத்துக்காகக் கேட்கிற பெண்ணுக்கு ஒரு சுவர் போதும்.

அடுத்து, அவள் கையில் டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பத்துக்குப் பதினொன்று அறையில் சுவர் 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 420 சதுர அடி, கதவு ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 380. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமாராக 60 முதல் 70 சதுர அடி வரும். ஆக நான்கு சுவருக்கு ஆறு லிட்டர் பக்கம், பத்தடிச் சுவர் ஒன்றுக்கு மட்டும் ஒன்றரை லிட்டர். அடர் நிறம் பல நேரம் மூன்றாவது கோட்டும் கேட்கும். கடையில் மெஷினில் கலக்கும்போது அடர் ஷேடுக்கு வேறு பேஸ் (நிறம் கலக்குமுன் உள்ள மூல பெயிண்ட்) போட்டு நிறமியும் நிறைய விடுவார்கள், அதனால் விலையும் பெரும்பாலும் கூடும். இதை நீங்கள் சொன்னால் உபதேசம் மாதிரி இருக்கும், அவளே கடைக்கு வந்து விலை கேட்டுக் கணக்குப் போட்டால் அவளே யோசிப்பாள்.

ஷேடு கார்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க விடாதீர்கள். தபால்தலை அளவுத் துண்டில் பார்க்கிற நிறம் சுவரளவு வரும்போது இன்னும் அழுத்தமாகத் தெரியும். அவள் விரும்பும் மூன்று ஷேடில் இருப்பதிலேயே சின்ன டப்பா வாங்கி, மூன்று சார்ட் பேப்பரில் முழுக்க இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் சுவரில் ஒட்டி, காலை வெயிலில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி விளக்கு போட்டு ஒரு தடவை பார்க்கட்டும். வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் மஞ்சள் வெளிச்சத்தில் வேறு மாதிரியும் இருக்கும். கருப்பு கேட்ட பிள்ளை இரண்டு நாள் இப்படிப் பார்த்தபின் கருநீலத்துக்கோ அடர்பச்சைக்கோ வந்துவிடுவதும் உண்டு. வராவிட்டாலும் பரவாயில்லை.

எந்தச் சுவர் என்பதில் மட்டும் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஜன்னல் இருக்கும் கிழக்குச் சுவர் வேண்டாம், சுற்றிலும் இருட்டாக இருந்தால் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசும். படிக்கும்போது முகத்துக்கு நேரே இருக்கும் சுவரும் வெளிர் நிறமாக இருக்கட்டும். கட்டிலின் தலைமாட்டுச் சுவர்தான் சரி, படிக்கும்போது அது முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மேசையைப் போட்டுக்கொள்ளலாம். சீலிங் வெள்ளை. எல்லாம் பார்த்தபிறகும் நான்கு சுவரும் கருப்புதான் என்றால், பணம் எல்லைக்குள் இருந்தால், நான் அடிக்க விடுவேன். கூடுதலாக ஒரு நல்ல மேசை விளக்கும் வாங்கிக் கொடுப்பேன், கருப்புச் சுவர் வெளிச்சத்தை விழுங்கும்.

இன்னொன்று, அடர் நிறம் சுவரின் குறைகளைக் காட்டிக்கொடுக்கும். பட்டி ஒழுங்காகப் பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்த சுவராக இருக்க வேண்டும். ஓதம் ஏறிய சுவர் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே வெள்ளையாகப் பூத்து நிற்கும். பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷில் கை பட்டாலே தடம் தெரியும், துடைக்க வேண்டும் என்றால் லேசான மினுமினுப்பு உள்ளது எடுங்கள்.

மாமியார் விஷயம். ஆகாது என்று அவர் சொல்வது வீட்டின் மேல் உள்ள அக்கறையில்தான், அதை மூடநம்பிக்கை என்று பேத்தி முன்னால் வெட்டிப் பேசாதீர்கள். வாசல், ஹால், பூஜையறைக்கு அவர் சொல்கிற நிறமே அடிக்கலாம் அல்லவா? அதற்கான ஷேடு கார்டை அவர் கையில் கொடுங்கள். அந்த மூன்று சார்ட்டையும் மகளே பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். நம் வீடுகள் ஒன்றும் நிறத்துக்குப் பயந்தவை இல்லை, ஆத்தங்குடி டைல்ஸில் கருப்பும் சிவப்பும் மஞ்சளும் ஒன்றாகத்தானே கிடக்கின்றன.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகன் அறைக்கு அடர்சாம்பல் கேட்கிறான். இருட்டு நிறம் கேட்பது மனச்சோர்வின் அறிகுறியா? அந்த அறையிலேயே இருந்தால் மனநிலை கெட்டுவிடுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நிறம் மனதை மாற்றிவிடும் என்ற பேச்சு பெரிதாகப் பரவியதற்கு ஒரு கதை உண்டு. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு கடற்படைச் சிறை அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள், கைதிகளின் ஆவேசம் குறைகிறது என்றார்கள், வேறு சிறைகளும் அதைப் பார்த்து அடித்தன. பிற்பாடு ஸ்விட்சர்லாந்துச் சிறை ஒன்றில் முறையாகச் சோதித்தபோது, வெள்ளை அறையில் இருந்தவர்களுக்கும் இளஞ்சிவப்பு அறையில் இருந்தவர்களுக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லையா, சாப்பாடு குறைந்துவிட்டதா, விளையாடப் போவதை நிறுத்திவிட்டானா, நண்பர்கள் போன் எடுப்பதில்லையா, எதிலும் ஆசையில்லை என்கிறானா? இருந்தால், சுவர் வெள்ளையாக இருந்தாலும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அப்படி எதுவும் இல்லாமல் நன்றாகச் சாப்பிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற பையன் சாம்பல் கேட்டால் அவனுக்குச் சாம்பல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். 13 வயது மகளோ தோழி வீட்டைப் பார்த்துவிட்டு ஏங்குகிறாள்.
- வாசகி, சென்னை

பதில்: சுவரை விட்டுவிட்டுத் துணிக்கு வாருங்கள். கண்ணில் முதலில் படுவது ஜன்னல் திரையும் கட்டில் விரிப்பும்தான். கரூர்த் திரைத்துணி, சென்னிமலை பெட்ஷீட் என்று எடுத்தால் எல்லா நிறத்திலும் கிடைக்கும், அவளே போய்ப் பொறுக்கட்டும். உங்கள் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைத் திரையாகத் தைத்தாலும் அழகு. நான்கடிக்கு ஆறடி பிளைவுட் பலகை வாங்கி அவள் கேட்கும் நிறத்தை அடித்து, கட்டிலுக்குப் பின்னால் சரியாமல் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள், வீடு மாறும்போது கூடவே வரும். இருபக்கமும் ஒட்டும் டேப் மட்டும் வேண்டாம். எடுக்கும்போது பெயிண்ட்டோடு பட்டியும் பெயர்ந்து வந்து அட்வான்ஸில் கழிப்பார்கள்.

கேள்வி: 16, 12 வயதில் இரண்டு மகள்கள், ஒரே அறை. ஒருத்தி மஞ்சள், ஒருத்தி நீலம். தினமும் சண்டை.
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: அவரவர் கட்டில் ஒட்டிய சுவர் அவரவருக்கு, மற்ற இரண்டு சுவர் வெள்ளை. ஒருத்தி சுவரைப் பற்றி மற்றவள் பேசக் கூடாது, நீங்களும் பேசக் கூடாது. பெரியவள் இரண்டு வருஷத்தில் கல்லூரிக்குப் போய்விடுவாள் என்று சொல்லிச் சின்னவளுக்கு இப்போதே எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள், அவள் திரும்பி வரும் அறை அது.

கேள்வி: மகனுக்கு 15 வயது, அடிக்கடி வீசிங் வரும். தன் அறைக்குத் தானே நிறம் தேர்ந்தெடுத்து, தானே அடிப்பேன் என்கிறான். விடலாமா? 20 வருஷத்துக்கு முந்தைய வீடு.
- வாசகர், சேலம்

பதில்: நிறம் அவன் தேர்ந்தெடுக்கட்டும். தானே அடிப்பதற்கு முன் அவனைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்றாலும், பழைய பெயிண்ட்டைச் சுரண்டுகிற, தேய்க்கிற வேலையில் அவனைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அந்தத் தூசு வீசிங்கைக் கிளப்பிவிடும். அதோடு, வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல்தான். அதற்கு முன் அடித்த பெயிண்ட், முக்கியமாகக் கதவு, ஜன்னலில் அடித்த எனாமல், ஈயம் உள்ளதாக இருக்கலாம். பிள்ளைகளின் மூளைக்கு அது கெடுதல். தேய்க்கும்போது உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் அவன் வீட்டிலேயே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீரில் கலக்கும், வாடை குறைந்த எமல்ஷனாகக் கேட்டு வாங்குங்கள், தின்னர் கலக்கும் எனாமல் அந்த அறைக்கு இப்போது வேண்டாம். டாக்டர் சம்மதித்தால், கடைசிக் கோட்டை ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, ரோலரால் ஒரு சுவர் மட்டும் அவன் அடிக்கட்டும். கையெட்டாத மேல்வரியைப் பெயிண்டர் பார்த்துக்கொள்வார். டப்பா மூடியில் உள்ள ஷேடு எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால் அதே நிறம் கலக்க அந்த எண் வேண்டும். வாடை முழுக்கப் போகும்வரை, மூன்று நான்கு ராத்திரி ஆனாலும் சரி, ஹாலில் பாய் போட்டுப் படுக்கட்டும்.