த்ரீ நாட் த்ரீ: வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஆர்மரரின் பதில்கள்

போன இதழில் 'த்ரீ நாட் த்ரீ' என்று நாம் சொல்லும் .303 தோட்டா ரைஃபிளான, பிரிட்டிஷ் காலத்து லீ-என்ஃபீல்டைப் பற்றி எழுதியதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் எழுதியவை. லைசென்ஸ் எடுத்து, பழைய ராணுவ ரைஃபிளை வாங்கி, ரேஞ்சில் சுடுகிறவர்கள். 1974-ல் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக, பட்டாளத்தில் சேர்ந்து 24 வருடம் இவற்றைப் பிரித்துக் கோத்த கை என்னுடையது. அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

ஐயா, இங்கே 'இஷாப்பூர் 2ஏ1' ஒன்று வாங்கினேன். பழைய .303-ஐ 7.62-க்கு மாற்றியது என்கிறார் கடைக்காரர். கடையில் கிடைக்கும் .308 வேட்டைத் தோட்டாவைப் போடலாமா?
– வாசகர், ஹூஸ்டன்

கடைக்காரர் சொன்னது தவறு. 1962 சீனப் போருக்குப் பிறகு நம் படைக்கு 7.62 மி.மீ. தோட்டா சுடும் ரைஃபிள்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. ஜவான்களுக்குக் கைப்பழக்கமான லீ-என்ஃபீல்டு வடிவத்தையே எடுத்து, இன்னும் உறுதியான எஃகில், மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை புதிதாகவே செய்த ரைஃபிள் இது. முதலில் வந்த 2ஏ-யில் பின் சைட் 2000 மீட்டர் வரை குறித்திருக்கும். உங்களுடைய 2ஏ1-ல் 800 மீட்டர்தான். மேகசின் .303-ஐப் போலச் சரிந்து இல்லாமல் பெட்டி மாதிரி இருக்கும். பட் சாக்கெட்டில் (பின்கட்டை பொருந்தும் இரும்பு வளையத்தில்) பிரிட்டிஷ் கிரீடம் இருந்த இடத்தில் நம் அசோகச் சிங்கம் இருக்கும். அதைத் தொட்டுப் பாருங்கள் தம்பி. ஒரு பெரிய ராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்ட கடைசி போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும்) ரைஃபிள்களில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

தோட்டா விஷயத்தில் நான் கறார். இது 7.62 நேட்டோ தோட்டாவுக்காகச் செய்தது. .308 பார்க்க அதே போல இருக்கும், உள்ளேயும் போகும். ஆனால் ராணுவ ரைஃபிளின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சற்று நீளமாக வெட்டப்பட்டிருக்கும். கடை .308-ல் சிலவற்றின் அழுத்தமும் அதிகம். ஐம்பது வயது தாண்டிய ரைஃபிளுக்கு அந்தச் சோதனை வேண்டாம். ராணுவ அளவில் செய்த 7.62 மட்டும் போடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) பார்த்து வாங்குங்கள். போல்ட்டில் உள்ள எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். எண் வேறு என்றால் எங்கேயோ, யாரோ போல்ட்டை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த இடைவெளியைக் கேஜ் வைத்துப் பார்க்காமல் அதில் ஒரு ரவுண்டுகூடச் சுடாதீர்கள்.

என்னிடம் இருப்பது கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்த நம்பர் 4 லீ-என்ஃபீல்டு. கூடவே 'கே.எஃப்.' என்று அடியில் குத்திய பழைய தோட்டாப் பெட்டியும் கிடைத்தது. சுட்டதும் நல்ல கன் ஆயில் போட்டுத்தான் துடைத்தேன். ஒரே வாரத்தில் பேரல் உள்ளே சிவந்துவிட்டது. எங்கே தவறினேன்?
– வாசகர், டொராண்டோ

நான் தவறிய அதே இடத்தில்தான் நீங்களும் தவறியிருக்கிறீர்கள். சேர்ந்த முதல் வருடம், மழைக்காலம். பயிற்சி முடிந்து வந்த பதினோரு ரைஃபிள்களுக்கு எண்ணெய் மட்டும் போட்டுக் கோத்தில் (ஆயுத அறையில்) அடுக்கிவிட்டு லீவில் போனேன். திரும்பி வந்தபோது அத்தனை பேரலிலும் துரு. எங்கள் ஹவில்தார் என்னைத் திட்டவில்லை. ஒரு பேரலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "பார்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சிவப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

'கே.எஃப்.' என்பது புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை. அந்தக் காலத் தோட்டாக்களின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் அடி மூடியில்) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்ததும் பேரலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகப் படியும். ஊறுகாய் ஜாடி மூடியில் உப்புப் பட்டால் என்ன ஆகிறது? அதேதான். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். எண்ணெயில் உப்பு கரையாது. நீங்கள் உப்பின் மேலேயே எண்ணெயைப் பூசி மூடியிருக்கிறீர்கள்.

உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். ரேஞ்சிலிருந்து வந்த அன்றைக்கே போல்ட்டை எடுத்துவிட்டு, புனல் வைத்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைச் சேம்பர் பக்கமிருந்து ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்குக் குறையாமல். துப்பாக்கி வாய் வழியாக வடியும் தண்ணீர் மரத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஏன் என்றால், சூடேறிய பேரல் தானே உலர்ந்துவிடும். பிறகு புல்-த்ரூவில் (பேரலைத் துடைக்கும் கயிற்றில்) துண்டுத் துணி கோத்து இழுங்கள். துணி காய்ந்து, வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும். எண்ணெய் அதற்குப் பிறகுதான். போல்ட் முகத்தையும் அதே வெந்நீரில் கழுவுங்கள், அங்கேயும் உப்பு ஏறியிருக்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒரு துணி இழுத்துப் பாருங்கள்.

பழைய தோட்டாவில் இன்னொரு ஆபத்து உண்டு. டிரிக்கரை அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் கேட்கும், வெடிக்காது. உடனே போல்ட்டைத் திறந்துவிடாதீர்கள். துப்பாக்கி வாயை இலக்குப் பக்கமே வைத்து ஒரு முழு நிமிடம் பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா, போல்ட் திறந்திருக்கும்போது வெடித்தால் முகம் போய்விடும். அந்தப் பெட்டியில் மீதி இருப்பதைச் சுடவே வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

பேரலுக்குள் இரண்டே வரிப்பள்ளம் தெரிகிறது, தேய்ந்துவிட்டதோ என்றும் கேட்டிருந்தீர்கள். தேயவில்லை. போர்க்கால அவசரத்தில் லாங் பிராஞ்சில் பல பேரல்களை இரண்டு பள்ளத்தோடுதான் வெட்டினார்கள். உங்கள் ஊர் எல்லையிலேயே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் உருவான தொழிற்சாலை அது. அதன் பரிசோதனைக் கட்டடம் மிசிசாகாவில் இன்றும் நிற்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

என்.சி.சி.யில் எங்கள் டிரில் ரைஃபிளில் 'டி.பி.' என்று அடித்திருக்கிறது. சரிசெய்தால் சுடுமா?
– மாணவி, நாகர்கோவில்

சுடக் கூடாதும்மா. டிரில் பர்ப்பஸ் என்பதன் சுருக்கம் அது. தேய்ந்தது, விரிசல் விட்டது, அளவு தவறியது என்று ஒதுக்கிய ரைஃபிளில்தான் அந்த எழுத்தைக் குத்துவார்கள். வெளிநாட்டுச் சந்தைகளில் அந்த எழுத்தை ராவிவிட்டு விற்கிறவர்களும் உண்டு. வாங்குகிறவர்கள் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு .303 வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா?
– வாசகர், திருப்பூர்

ராணுவ அளவுத் தோட்டா போகும் துப்பாக்கி சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. அதனால்தான் இஷாப்பூரில் பொதுமக்களுக்கு என்று .315 செய்தார்கள். ஆக்ஷன் அதே லீ-என்ஃபீல்டு, தோட்டா வேறு. சேகரிப்பு என்று பத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு .303-க்கு விடைகொடுத்த செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1918 என்று குறித்த, ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை செய்த லீ-என்ஃபீல்டு ரைஃபிள் வைத்திருக்கிறேன். மரம் கறுத்து, தழும்பு தழும்பாக இருக்கிறது. தேய்த்து வார்னிஷ் அடித்தால் புதிதாகுமா?
– வாசகர், மெல்பர்ன்

தயவுசெய்து உப்புத்தாளைக் கீழே வையுங்கள். அந்த மரத்தில் பரிசோதகர் குத்திய முத்திரை, ரேக் எண், பட்டறை மாற்றிப் போட்ட துண்டு எல்லாம் ஒரு நூல் ஆழத்தில் இருக்கின்றன. இரண்டு முறை தேய்த்தால் நூறு வருடம் போய்விடும். கறுப்பு அழுக்கைத் துணியில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு மெதுவாக எடுங்கள். பிறகு பச்சை ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்து ஊறவிடுங்கள். வாரம் ஒரு தடவை, இரண்டு மாதம். பட்டாளத்திலும் அதுதான் பழக்கம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டி வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும்.

பட்டின் (தோளில் வைக்கும் பின்கட்டையின்) வலப்பக்கத்தில் ரூபாய்க் காசு அளவில் பித்தளை வில்லை ஒன்று இருக்கிறதா? பழைய பட் என்றால் இருக்கலாம். எந்தப் படைப்பிரிவுக்குக் கொடுத்தது என்று அதில் எழுத்தாகக் குத்தியிருப்பார்கள். அதையும் பாலிஷ் போடாமல், சாய்வான வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அந்த எழுத்துகளைச் சேர்ந்து படிப்போம்.