கோவையில் கட்டிய ரேஸ் கார் ஹாக்கன்ஹைம் போக வேண்டும்: கப்பலா, விமானமா?

கேள்வி: கோவையில் பொறியியல் படிக்கிறோம். நாங்களே வடிவமைத்துக் கட்டிய மின்சார ரேஸ் காரோடு, அடுத்த ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத் தளத்தில் நடக்கும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்குப் போக இருக்கிறோம். கார் சுமார் 230 கிலோ. பேட்டரியும் செல்களை வாங்கி நாங்களே அடுக்கியதுதான். கப்பலில் அனுப்பினால் செலவு குறையும் என்கிறார் எங்கள் பேராசிரியர். விமானத்தில் அனுப்பினால் ஜூலை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்கிறது அணி. எது சரி? சுங்கத்துக்கு என்ன தயார் செய்ய வேண்டும்? பெட்டியை எப்படிச் செய்வது?

பதில்: பேராசிரியர் சொல்வதும் சரி, அணி சொல்வதும் சரி. காரணம், நீங்கள் அனுப்பப்போவது ஒரே சரக்கு இல்லை. கார், பேட்டரி, கருவிகள் என்று அது மூன்று சரக்கு. மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே வழியில் அனுப்ப நினைக்கும்போதுதான் செலவும் சிக்கலும் சேர்ந்தே ஏறுகின்றன. என்னைக் கேட்டால் காரை விமானத்திலும் கருவிகளைக் கப்பலிலும் அனுப்புங்கள். பேட்டரிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அந்த வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

முதலில் பேட்டரி, ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் இதைப் பொறுத்தவை. லித்தியம் அயனி பேட்டரி ஆபத்தான சரக்கு வகையில் 9ஆம் வகுப்பு. காரிலிருந்து கழற்றித் தனியாக அனுப்பினால், ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் அதன் எண் யுஎன் 3480. 2016 ஏப்ரலில் இருந்து இந்த எண்ணில் வரும் எதையும் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில் மட்டும்தான். சார்ஜும் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இதுவரை பெரிய தடை இல்லை. தடை அடுத்ததில் இருக்கிறது. அனுப்பும் பேட்டரி யுஎன் 38.3 என்ற சோதனை வரிசையில் தேறியிருக்க வேண்டும்: உயரம், வெப்பம், அதிர்வு, அதிர்ச்சி, வெளிக் குறுக்குச்சுற்று என்று போகும் அது. செல் தயாரித்த நிறுவனம் தன் செல்லுக்கான சோதனைச் சுருக்கத்தைக் கொடுத்துவிடும். ஆனால் அந்தச் செல்களை அடுக்கி நீங்கள் கட்டிய பேக் புதிய பொருள். செல்லின் சான்றிதழைக் காட்டி பேக்கை ஏற்ற முடியாது.

மாணவர் அணி எதுவும் நாலைந்து பேக்குகளைக் கட்டிச் சோதனைக்குப் பலி கொடுக்கப் போவதில்லை. அதற்காகத்தான் மாதிரிப் பேட்டரிகளுக்கென்று, அதாவது இன்னும் உற்பத்திக்குப் போகாத முன்மாதிரிகளுக்கென்று (prototype), தனி விதி வைத்திருக்கிறார்கள். விமானம் என்றால், புறப்படும் நாட்டின் விமானப் போக்குவரத்து அதிகாரியிடம், அதாவது நமக்கு டிஜிசிஏவிடம், முன் அனுமதி வாங்க வேண்டும். அதன் பிறகு விமான நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். கப்பலிலும் மாதிரிப் பேட்டரிக்கு வழி உண்டு. குறிப்பிட்ட பேக்கிங் முறைப்படி கட்டி, ஆபத்தான சரக்கு அறிவிப்போடு கொடுத்து, கப்பல் நிறுவனத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும். ஒரே கன்டெய்னரில் பலருடைய சரக்கைச் சேர்த்து அனுப்பும் எல்சிஎல்காரர்கள் பலர் 9ஆம் வகுப்பு என்றதும் கையை விரித்துவிடுவார்கள். ஆகவே ஃபார்வர்டரை, அதாவது சரக்கை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யும் முகவரைத் தேடும்போது, "லித்தியம் பேட்டரி அனுப்பியிருக்கிறீர்களா, மாதிரிப் பேட்டரிக்கு அனுமதி வாங்கிய அனுபவம் உண்டா" என்று கேளுங்கள். விலையைப் பற்றி அப்புறம் பேசலாம். செல்லின் சோதனைச் சுருக்கம், பேக்கின் வரைபடம், மொத்த எடை, வாட்-மணி அளவு, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்று) விவரம், பெட்டியின் படங்கள் ஆகியவை ஒரே கோப்பில் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த வேலைக்கு மாதங்கள் பிடிக்கலாம். பேக்கின் வடிவமைப்பை முடிவு செய்த அன்றே கோப்பைத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. இரண்டாவது பேக் கட்ட வசதி இருந்தால் ஒன்றை முன்கூட்டியே கப்பலில் ஏற்றிவிட்டு, இன்னொன்றை வைத்து இங்கே ஓட்டிப் பாருங்கள்.

சரி, பேட்டரியைக் கழற்றிய பிறகு கார் என்ன? கார்பனும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த சாதாரணச் சரக்கு. பெட்டியின் உயரம் 160 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரிய பயணிகள் விமானங்களின் கீழ்த்தளச் சரக்கறையிலேயே ஏறும். சரக்கு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் இங்கே பல அணிகள் மறக்கும் பொருள் ஒன்று உண்டு: கட்டுப்பாட்டுச் சுற்றுகளுக்கு மின்சாரம் தரும் சிறிய லோ வோல்டேஜ் பேட்டரி. அதுவும் லித்தியம்தான். காரின் தரவுகளைத் தொலைவுக்கு அனுப்பும் டெலிமெட்ரி கருவிக்குள்ளும் ஒரு சின்ன பேட்டரி ஒளிந்திருக்கும். இவற்றைச் சொல்லாமல் விட்டு, ஸ்கேனரில் தெரிந்தால், பெட்டி அங்கேயே நின்றுவிடும். காஸ் அடைத்த டாம்பர்களையும் (அதிர்வு தாங்கிகள்) முன்பே சொல்லிவிடுங்கள். பிரேக் க்ளீனர் ஸ்ப்ரே, தீயணைப்பான், பிரேக் ஆயில், பசை வகைகள் எதுவும் இங்கிருந்து போக வேண்டாம். எல்லாம் ஜெர்மனியில் கடையில் கிடைக்கும்.

விமானக் கட்டணம் எடைக்கு மட்டும் இல்லை, இடத்துக்கும்தான். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். இறக்கைகளோடு முழுக் காரையும் 320 × 160 × 130 அளவுப் பெட்டியில் வைத்தால் கணக்கு சுமார் 1,109 கிலோ. மூக்கையும் முன், பின் இறக்கைகளையும் சக்கரங்களையும் கழற்றி, அதே பெட்டிக்குள் சாசிக்கு (காரின் அடிச்சட்டகம்) பக்கத்திலும் மேலேயும் பொருத்தி 260 × 150 × 110க்குள் அடக்கினால் 715 கிலோ. காரும் பெட்டியும் சேர்ந்தே 400 கிலோவைத் தாண்டாது. ஆனால் பணம் போவது காற்றுக்கு. அதனால் பெட்டியை ஜூலையில் தச்சரிடம் அளவு சொல்லிச் செய்யும் பொருளாக விட்டுவிடாதீர்கள். கணினியில் வரைந்த கேட் (CAD) மாடலில் காரைப் பிரித்து அடுக்கிப் பார்க்க ஒரு மாணவரை இப்போதே நியமியுங்கள்.

பெட்டிக்குள் கார் தன் சஸ்பென்ஷனில் நிற்கக் கூடாது. வழி நெடுக ஆடிக்கொண்டே போனால் கட்டிய வார் தளர்ந்துவிடும். சாசியின் உறுதியான இடங்களுக்குக் கீழே ஒரு இரும்புத் தாங்கி செய்து, அதைப் பெட்டியின் அடித்தளத்தோடு போல்ட் போடுங்கள். வாரை விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) மேல் போட்டு இழுக்க வேண்டாம். ஓட்டுநரைக் காக்கும் வளையமான ரோல் ஹூப்பின் அடியில், சாசிக் குழாயில் போடுங்கள். அடியில் ஃபோர்க்லிஃப்ட் முள் நுழைய இரண்டு பக்கமும் இடம் வேண்டும். எடையின் மையம் எங்கே என்று வெளியே குறியிடுங்கள். மூடியில் ஆணி அடிக்காதீர்கள். சுங்கத்தில் திறப்பார்கள், மறுபடி மூட வேண்டும், திரும்பி வரும்போதும் இதே பெட்டிதான். போல்ட்டும் கீலும் போதும்.

மரத்துக்கு ஒரு விதி உண்டு. பிளைவுட் பலகைக்குத் தடை இல்லை. ஆனால் சட்டத்துக்கும் அடிக்கட்டைக்கும் போடும் முழு மரக்கட்டை, மரப் பெட்டிகளுக்கான சர்வதேச ஐஎஸ்பிஎம் 15 விதிப்படி பதப்படுத்தியதாக இருக்க வேண்டும்: மரத்தின் உள்மையம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததற்கான எச்டி (HT) முத்திரை கட்டையிலேயே தெரிய வேண்டும். முத்திரை இல்லாத ஒற்றைக் கட்டைக்காகப் பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்ப ஐரோப்பியத் துறைமுகத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

கருவிகள், ஜாக், ஸ்டாண்டுகள், கூடாரம், கூடுதல் சக்கரங்கள் கப்பலில் போகட்டும். கொச்சியில் ஏற்றி ராட்டர்டாமிலோ ஆன்ட்வெர்ப்பிலோ இறக்குங்கள். ஹாம்பர்க்கைவிட ஹாக்கன்ஹைமுக்கு அவை பக்கம். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பல கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. அப்படிப் போனால் பயணம் பத்து நாள், இரண்டு வாரம்கூட நீளும். உங்கள் கப்பல் எந்த வழி என்று கேட்டு, அதற்கு மேலும் இரண்டு வாரம் கையிருப்பு வைத்து, மே மாதத்திலேயே ஏற்றிவிடுங்கள். சிலிக்கா ஜெல் தாராளமாகப் போடுங்கள். உப்புக்காற்றில் ஸ்பானர் துருப்பிடித்தால் தேய்த்துக்கொள்ளலாம், பேரிங் துருப்பிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சுங்கத்துக்கு உங்களுக்கு வேண்டியது ஏடிஏ கார்னே. தற்காலிகமாக வெளிநாடு போய்த் திரும்பும் பொருளுக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இதை வழங்குவது ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். இது இருந்தால் ஜெர்மனியில் வரியோ வைப்புத்தொகையோ கட்டாமல் காரை உள்ளே எடுத்துப் போகலாம். கார், உதிரிகள், ஒவ்வொரு கருவி என்று எல்லாம் அடையாள எண்ணோடும் மதிப்போடும் பட்டியலில் வர வேண்டும். கார்னே கைக்கு வந்த பிறகு பட்டியலில் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. சாசியில் ஒரு எண்ணைப் பொறித்துப் படம் எடுத்து வையுங்கள். செலவாகித் தீரும் பொருளைப் பட்டியலில் எழுதாதீர்கள். மதிப்பைக் குறைத்துக் காட்டவும் வேண்டாம்: கார்னே, இன்வாய்ஸ், காப்பீடு மூன்றிலும் ஒரே தொகை இருக்க வேண்டும். விமானச் சரக்கும் கப்பல் சரக்கும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு வாசலில் எல்லை தாண்டுவதால், இரண்டுக்கும் தனித்தனிக் கார்னே எடுப்பது நிம்மதி.

திரும்பும் பயணத்தை இங்கிருந்தே பதிவு செய்யுங்கள். போட்டியின் கடைசி நாள் மாலை யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஜெர்மன் சுங்கம் உள்ளே வரும்போது போட்ட முத்திரையில் எந்தத் தேதிக்குள் வெளியேற வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அது கார்னேயின் காலாவதிக்கு முன்பே வரலாம். வெளியேறும்போது முத்திரை விழாமல் போனால், கார் உங்கள் பட்டறையில் நின்றாலும், பல மாதம் கழித்து ஐரோப்பிய வரிக்கான கோரிக்கை கல்லூரிக்கு வரும்.

கார்னே பட்டியலில் பேட்டரியைத் தனி வரியாக எழுதுங்கள். காரணம் உண்டு. ஓட்டத்தில் அடிபட்டு ஒரு செல் வீங்கினாலும் அந்தப் பேக் சேதமடைந்த பேட்டரி ஆகிவிடும்; சேதமடைந்த லித்தியம் பேட்டரியை எந்த விமானத்திலும் ஏற்ற முடியாது. அங்கேயே அழிக்க நேர்ந்தால், சுங்கத்துக்கு முன்பே சொல்லி, அவர்கள் மேற்பார்வையில் அழித்ததற்கான சான்றை வாங்கிக் கார்னேயோடு இணையுங்கள். மற்றதை எல்லாம் வழக்கம்போலத் திருப்பி அனுப்பலாம். கார்னே மூலத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். அது ஃபார்வர்டர் கையிலோ அணித் தலைவர் கையிலோதான் இருக்க வேண்டும்.